அப்பாவின் நாற்காலி

"இன்னும் இறுக்கிக் கட்டுடி. வாத்தியார் பார்த்தா பார்க்கட்டும்."

அப்பா அதட்ட, அம்மா மகளின் இடுப்பைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் உருப்படியான நாற்காலி அது ஒன்றுதான். அப்பாவுடையது. செருப்பைக் கழற்றிய பாட்டு வாத்தியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு. கவனம் ஒரு இடத்தில் நிற்காது. டாக்டர் அப்படித்தான் சொன்னார். டாக்டர் சொல்லி யார் கேட்டது? மகனுக்கு வந்தால் துறுதுறுப்பு, மகளுக்கு வந்தால் அடங்காத்தனம். வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

வாத்தியார் இந்த மாதிரிப் பிள்ளைகளை நடக்கவிட்டுத்தான் பாட வைப்பார். அறையின் மூலைக்கு மூலை பாட்டில் ஒரு அடி. கவனம் ஓடுவதற்குள் கால் அடுத்த மூலைக்கு ஓடிவிடும். பள்ளிக்கூடத்தில் எதுவுமே தலையில் நிற்காத அந்தப் பெண்ணுக்கு, அப்படி நடந்து நடந்துதான் பாட்டு மட்டும் நின்றது.

"பையன் நடக்கட்டும் சார். இவ உக்காந்தே பாடட்டும். பொட்டப்புள்ள குறுக்கும் நெடுக்கும் நடந்தா நாலு பேரு என்ன பேசுவான்?"

"கட்டிப் போட்டா பாராட்டுவானா?"

"நாற்காலிய விட்டு எந்திரிச்சாள்னா இன்னிக்கோட இவளுக்குப் பாட்டு கிடையாது. அவ்வளவுதான்!"

பெண்ணின் முகம் செத்துவிட்டது.

அண்ணன் முதல் மூலையில் ஒரு அடி பாடினான். இரண்டாவதில் பல்லியைப் பார்த்தான். மூன்றாவதில் ஜன்னல் வழியாக யாருக்கோ கையாட்டினான்.

"எம்புட்டு கூர்மை பார்த்தீங்களா!" என்றார் அப்பா.

அடுத்து தங்கை. முதல் அடி கணீரென்று வந்தது. இரண்டாவது அடி தொண்டையில் மாட்டிக்கொண்டது. கால் துடித்தது. சட்டென்று குனிந்து, முதுகில் நாற்காலியோடு கிளம்பிவிட்டாள். இரண்டாவது மூலையில் இரண்டாவது அடி. மூன்றாவதில் மூன்றாவது. நாற்காலிக் கால் பட்டுத் தண்ணீர்ச் செம்பு உருண்டது. நாலாவது மூலையில் நின்ற அப்பா துள்ளி விலகினார். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

"எந்திரிச்சுட்டா! பாட்டு கிடையாது!"

"நாற்காலிய விட்டு எங்கப்பா எந்திரிச்சேன்? கூடவேதானே இருக்கு?"

வாத்தியார் சிரிப்பை அடக்க மேலே பார்த்தார். அப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

"அவுத்துத் தொலைடி!"

"அவுக்காதம்மா," என்றாள் மகள். "அடுத்த பாட்டு இருக்கு."

அம்மா முடிச்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

நாற்காலி மறுபடி முதல் மூலைக்கு நடந்தது. உட்கார இடமில்லாத அப்பா, அதன் கால் மேலே படாமலிருக்க, பாட்டு முடியும்வரை மூலை மூலையாக ஓடிக்கொண்டிருந்தார்.