பாய்ப்படகுக்குப் போட்ட கல்

மேட்டூர் அணையில் தண்ணீர் தேங்கத் தொடங்கிய மூன்றாம் வருஷம், கான்ட்ராக்டர் வெங்கடாசலம் சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடமிருந்து சின்னப் பாய்ப்படகு ஒன்றை வாங்கினார். ஆடியில் தண்ணீர் ஏறினால் தை வரைக்கும் ஓட்டலாம். கரையில் கட்டினால் பாறையில் மோதும் என்பதால், நீருக்கு நடுவே கல் போட்டுச் சங்கிலியில் கட்ட வேண்டும். இடம் காட்ட உண்ணாமலையைக் கூப்பிட்டனுப்பினார். அவள் பரிசல் ஓட்டிப் பிழைப்பவள். அணைக்குள் முங்கிப்போன ஊர்தான் அவள் ஊர். அங்கே எது மேடு, எது பள்ளம் என்று அவளுக்குத் தெரியும்.

"தண்ணி எறங்கிக் கெடக்கறப்பவே கல்லப் போட்டரோணும் புள்ள. எடத்தக் காட்டு" என்றார்.

"சரிங்க மொதலாளி" என்றாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

போன வருஷம் அவள் புருஷன் மாதையனைத் தண்ணீருக்குள் இறக்கியவர் இவர்தான். முங்கிய வீடுகளின் தேக்கு உத்திரங்களை மேலே இழுக்க யாராவது உள்ளே போய்க் கயிறு கட்ட வேண்டியிருந்தது. இரண்டு தடவை போய்வந்த மாதையன், தண்ணீர் கலங்கிவிட்டது, இனி முடியாது என்றான். முடியாதென்றால் நாளையிலிருந்து உன் பரிசல் இந்தத் துறையில் நிற்காது என்றார் வெங்கடாசலம். மூன்றாவது தடவை போனவன் மேலே வரவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம், குடித்துவிட்டுத் தானாகக் குதித்தான் என்று அவர் சொல்லிவிட்டார். ஊரும் அதை நம்பியது. மாதையனின் தம்பி சின்னண்ணன்கூட நம்பினான். அவன் அவரிடம்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

வைகாசியில் சின்னண்ணன் நான்கு மாடுகளைப் பூட்டி, ஒரு பழைய செக்குக்கல்லைக் காய்ந்த சேற்றின்மேல் இழுத்துவந்தான். உண்ணாமலை காட்டிய பள்ளத்தில் கல்லைப் புரட்டி நிறுத்தி, நாற்பது முழச் சங்கிலியை அதில் மாட்டினார்கள். மறுமுனையில் மிதப்பதற்குத் தார்ப் பீப்பாய். தண்ணீர் ஏறும்போது பீப்பாயும் கூடவே ஏறவேண்டும் என்றுதான் அத்தனை நீளம்.

மறுநாள் உச்சிவெயிலில் உண்ணாமலை தனியாகப் போனாள். சங்கிலியில் இருபத்தைந்து முழத்தைக் கல்லைச் சுற்றி இறுக்கி, கண்ணிகளுக்குள் கம்பி கொடுத்து முறுக்கினாள். கை கிழிந்தது. மேலே சேற்றை அள்ளிப் பூசினாள்.

ஆனிக் கடைசியில் வந்த தண்ணீரில் பீப்பாய் மிதந்தது. வெங்கடாசலம் படகின் மூக்கை அதில் கட்டிவிட்டுச் சேலத்துக்குப் போனார். அப்புறம் மைசூர்ப் பக்கம் மழை கொட்டியது. ஐந்து நாளில் தண்ணீர் இரண்டாள் உயரம் ஏறிவிட்டது. உண்ணாமலை தினமும் போய்ப் பார்த்தாள். பீப்பாய் உள்ளே போனது. பிறகு படகின் மூக்கு குனியத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடாசலம் விருந்தாளிகளோடு வந்து இறங்கினார். படகைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"சங்கிலி எங்கியோ சிக்கிருச்சாட்ட இருக்குது. என்னக் கொண்டுபோய் உடு புள்ள!"

பரிசலில் கொண்டுபோய் விட்டாள். அவர் படகில் தாவி, முடிச்சை அவிழ்க்க மூக்குப் பக்கம் ஓடினார். அந்தப் பாரம் போதுமானதாக இருந்தது. தண்ணீர் மடமடவென்று உள்ளே பாய்ந்து, படகு தலைகுப்புறச் சாய்ந்தது. நீச்சல் தெரியாதவர், சாய்ந்த பாய்மரத்தைக் கட்டிக்கொண்டார். உண்ணாமலை இரண்டு துடுப்புப் போட்டுப் பின்வாங்கினாள்.

"ஏ புள்ள, கிட்ட வா!"

"எங்கூட்டுக்காரரு குடிச்சிருந்தாருங்களா?"

"இப்ப என்ன பேச்சு? கையக் குடு!"

"கரையில எல்லாரும் நிக்கறாங்க. அவிங்களுக்குக் கேக்கறாப்பல சொல்லுங்க."

மரம் இன்னும் ஒரு முழம் இறங்கியது. தண்ணீர் அவர் தாடையைத் தொட்டது.

"குடிக்கல! மாதையன் குடிக்கல! நாந்தான் எறக்குனேன்! மாட்டேன்னான், நாந்தான் மெரட்டி எறக்குனேன்!"

தண்ணீர்மேல் குரல் தெளிவாகப் போனது. கரையில் விருந்தாளிகள் அசையாமல் நின்றார்கள். சின்னண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவள் பரிசலைக் கொண்டுபோய், அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

கரையில் இறங்கியவர் நேராகக் காரில் ஏறிப் போனார். விருந்தாளிகள் வேறு வண்டி பிடித்துக்கொண்டார்கள். நான்காம் நாள், இந்தத் துறையில் அவள் பரிசல் கூடாது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவள் எதிர்க்கரைக்குப் போய்விட்டாள். வேலையை விட்டுவிட்டுச் சின்னண்ணனும் அங்கே வந்தான்.

"அவரு சொல்லாமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க அண்ணி?" என்று ஒருநாள் கேட்டான்.

"பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள்.

அவர் ஒத்துக்கொண்ட பிறகும் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. மாதையன் உள்ளே மூச்சுக்குத் தவித்த நேரம் அளவுக்காவது அவரைத் தண்ணீரிலேயே விட்டிருக்கலாம் என்று பல நாள் தோன்றியது.

பங்குனியில் தண்ணீர் வடிந்தபோது படகு சேற்றில் கிடந்தது. எடுத்துப்போக யாரும் வரவில்லை. உண்ணாமலை கோடாலியோடு போய் அதைப் பிளந்து, காயவைத்து, பதினைந்து நாள் களி கிண்டினாள். நல்ல மரம். புகையே இல்லாமல் எரிந்தது.