ஒடுக்கு விழுந்த மூடி

மாதவிடாய்க்கு மாதம் இரண்டு நாள் லீவு என்று சட்டத்தில் இருக்கிறது. இருந்து என்ன? குடுஸ் ஊரின் அந்தக் கிராம்புச் சிகரெட் ஆலையில் லீவு கேட்கிறவள், கிளினிக் ஆயாவின் முன்னால் கைலியைத் தூக்கி நிரூபிக்க வேண்டும். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று காறித் துப்பிவிட்டுத்தான் ருகினி மனு எழுத உட்கார்ந்தாள்.

எழுதுவது கஷ்டமில்லை. முதல் கையெழுத்துதான் கஷ்டம். முதல் பெயர் எவளுடையதோ அவள்தான் தலைவி. தலைவி என்றால் கம்யூனிஸ்ட். அப்புறம் அவளுக்கு எந்த ஆலையிலும் வேலை கிடையாது. அதனால் பழைய தந்திரத்தைச் செய்தார்கள்: தாளில் ஒரு வட்டம், அதைச் சுற்றிலும் கையெழுத்துகள். தலையும் இல்லை, வாலும் இல்லை. வட்டம் போட ருகினி கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். குழாயடியில் யாரோ கழுவிக் கவிழ்த்திருந்த டிபன் கேரியர் மூடி. பார்த்தால் அது வாகியெமுடையது.

வாகியெம் பக்கத்து இருக்கைக்காரி. பன்னிரண்டு வருஷமாக ருகினி சுருட்டச் சுருட்ட, நுனி வெட்டிக் கொடுப்பவள். நாற்பத்திரண்டு பேர் போட்ட கையெழுத்தை அவள் போடவில்லை.

"என்னைய விட்டுரு ருகினி. அறுபத்தஞ்சுல எங்கப்பாவக் கம்யூனிஸ்ட்டுன்னு லாரில ஏத்திட்டுப் போனாங்க. அவரு பேர மறைச்சுத்தான் இங்க வேலைக்கே சேந்தேன். ரெண்டு பிள்ளைங்க இருக்குடி."

"போக்கா, பயந்தாங்கொள்ளி!" என்று ருகினி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு எரியும்.

மனு பணியாளர் அதிகாரி தர்மாஜியிடம் போனது. ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். 'முதலாளியும் தொழிலாளியும் ஒரே குடும்பம்' என்று எழுதி அறையில் மாட்டியிருந்தார். நாற்பத்திரண்டு பேரையும் விரட்டினால் சுருட்டும் கூடமே நின்றுபோகும். அவருக்கு வேண்டியது ஒருத்தி. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வட்டம் ஓரிடத்தில் உள்ளே குழிந்திருந்தது.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் தாளோடு வந்தார். பெஞ்சு பெஞ்சாக நின்று, ஒவ்வொரு மூடியையும் வாங்கித் தாளின்மேல் வைத்தார்.

"டெம்பே வறுவலாம்மா? வாசனை தூக்குதே!"

ருகினிக்கு விஷயம் புரிந்தபோது அவர் மூன்றாவது பெஞ்சுக்கு வந்துவிட்டார். வாகியெமுக்குப் புரியவே இல்லை. பாவி, மூடியைத் தானே எடுத்து நீட்டினாள். ஒடுக்கோடு ஒடுக்கு பொருந்தி அது உட்கார்ந்தது.

"ஐயா, அதுல என் பேரே இல்லீங்களே!"

"அதாம்மா விஷயம். மத்தவளுங்கள மாட்டிவிட்டுட்டு நீ பேரு போடாம ஒதுங்கிக்கிட்ட. கெட்டிக்காரிதான். ஆமா, உங்கப்பா பேரு என்ன?"

 

ருகினி எழப்போனாள். மறுபக்கத்திலிருந்த பார்த்தி அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "உக்காருடி. நீயும் போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

உட்கார்ந்தாள். பார்த்தி உடனே கையை எடுத்துவிட்டாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். காவலாளிகள் வாகியெமைக் கூட்டிப் போகும் வரைக்கும் ருகினியை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. வாசலில் வாகியெம் ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தாள். குழாயடியில் மூடியை எடுத்தது யாரென்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. காட்டிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ருகினி அவள் வீட்டுக்குப் போனாள். வாகியெம் யார் வீட்டுத் துணிகளையோ துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த மூடிய..."

"தெரியும். சொல்லாத. சொன்னா உன்னத் திட்டணும். திட்டத் தெம்பில்ல." துணியை முறுக்கிப் பிழிந்தாள். "பேரு போட்டிருந்தாலும் வேலை போயிருக்கும், போடாமலும் போச்சு. போட்டுட்டாவது போயிருக்கலாம்டி."



மனுவைப் பற்றி அப்புறம் யாரும் மூச்சு விடவில்லை. அடுத்த மாதம் ருகினி கிளினிக் வரிசையில் நின்றாள். முன்னாலும் பின்னாலும் வட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. முறை வந்ததும், ஆயா வாயைத் திறக்கும் முன்பே ருகினி கைலியைத் தூக்கினாள்.