ஊதிப் பார்த்து வாங்கிய கண்ணாடி

1

இந்தக் கதை எனக்குக் கண்ணாடிக் கடையில் கிடைத்தது. என் மூக்குக்கண்ணாடியில் காதில் மாட்டும் பக்கம் உடைந்து, ஒட்டித் தருவார்களா என்று போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி, பைக் ஓட்டும்போது போடும் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரையும் அப்படியே தூக்கி வந்துவிட்டேன். வியாபாரிகளுக்கு நடுவே வளர்ந்தவன், சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தி மயங்கும் வேளை, நெடுஞ்சாலையில் ஒற்றை விளக்காக அவன்..."

வேண்டாம். கூரியர்காரன் அவன். மூட்டையோடு கவிதையையும் ஏற்றினால் வண்டி இழுக்காது.

2

அவனுக்கு வலது கண் முக்கால்வாசி போய்விட்டது. லாரியிலிருந்து தெறித்த கல்துகள். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி முழுக்கக் கீறல். இருட்டினால் எதிர் வண்டி வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும். அதனால் தூக்கிவிட்டே ஓட்டிவந்தான்.

(முன்கண்ணாடியை மாற்றியிருக்கலாமே என்பீர்கள். அந்த ஹெல்மெட்டுக்கு இப்போது அது கிடைப்பதில்லை. குறுக்குக் கேள்வி கேட்கும் வாசகரை எனக்குப் பிடிக்கும். இன்றைக்குத்தான் கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது.)

டாக்டர் சொன்னது ஒரே வரி: "மிச்சம் இருக்கிறதையாவது பத்திரமா வெச்சுக்கோங்க."

3

கடைக்காரர் முதலில் எடுத்தது கறுப்பு. போட்டதும் ஆளே மிடுக்காகிவிட்டான்.

"இருட்டின பொறகும் ஓட்டுற ஆளுக்குக் கறுப்பா?" என்றாள் மனைவி. "தடவிக்கிட்டே வீடு வந்து சேரவா?"

அடுத்தது வெள்ளை. ஓரம் முழுக்க ஸ்பாஞ்சு. "ஒரு தூசி நுழையாதும்மா" என்றார் கடைக்காரர். போட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே ஆவி படிந்தது. ஒவ்வொரு வாசலிலும் கழற்றித் துடைக்க வேண்டும். நினைக்கவே அவனுக்குக் கை வலித்தது.

மூன்றாவதும் வெள்ளைதான். லேசு. மாட்டியிருப்பதே தெரியவில்லை. அவன் மனம் அதில் உட்கார்ந்துவிட்டது.

மனைவி தையல்காரி. நூல் பிசிறை ஊதித் தள்ளியே பழகிய வாய். "கண்ணை நல்லாத் தெறந்து வையுங்க" என்று, பக்கவாட்டில் போய் நின்று ஊதினாள். ஸ்பாஞ்சுக் கண்ணாடிக்குள் ஒன்றும் வரவில்லை. லேசானதைப் போட்டதும் கன்னத்து இடுக்கு வழியாகக் காற்று நேராக இடது கண்ணில் ஏறியது. எரிந்தது. இமை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சிமிட்டாமல் நின்றான்.

"காத்து வருதா?"

"இல்லியே."

"நெசமா? இன்னொரு தடவை ஊதறேன்."

"போதும்டி. ஊதி ஊதி என்னை அணைச்சுடாத."

கடைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். வியாபாரம் முடிந்தது.

4

இங்கேதான் எனக்கு அவன்மேல் சந்தேகம். வாங்க வந்தவரை ஏமாற்றுகிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், சொந்தக்காரர்கள்தான். தன் தலையில் தானே மட்டச் சரக்கைக் கட்டிக்கொள்கிறவனை அந்தக் கூட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லவைக்க எழுதி எழுதிப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. நாளெல்லாம் மாடி ஏறி இறங்கியவன். எது சரி என்று பார்க்கும் தெம்பு முதலில் தீர்ந்துபோகிறது, எது சீக்கிரம் முடியும் என்பது மட்டும் மிஞ்சுகிறது. நானும் ஏறக்குறைய அந்த நிலைமையில்தான்...

சரி, வண்டியை எடுக்கட்டும்.

5

புறவழிச்சாலை. மண்லாரிகள். பின்சீட்டில் அவள். வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவளுக்கு அவன் முகம் தெரிகிறது. இடது கண்ணிலிருந்து காதை நோக்கி ஈரக்கோடு.

முடிவு ஒன்று: எதிரே ஒரு லாரி, அதன்... அந்த வரியை அடித்துவிட்டேன். நான் அவ்வளவு கெட்டவன் இல்லை.

முடிவு இரண்டு: தவறு உணர்ந்து அவனே வண்டியைத் திருப்புகிறான். அவ்வளவு நல்லவன் அவன் இல்லை.

நடந்தது இவ்வளவுதான்.

"என்னங்க, அழுவுறீங்களா?"

"ச்சே, காத்து."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பின்னால் அவள் நிமிர்ந்து உட்காருகிறாள். முன்னே சாலைத் தடுப்பில், வண்டி திருப்பும் இடைவெளி நெருங்குகிறது. கடை இன்னும் மூடியிருக்காது. அவள் கை அவன் தோளுக்குப் போகிறது. பிடித்துக்கொள்ளவா, தட்டித் திருப்பச் சொல்லவா?

என்னைப் பார்க்காதீர்கள். நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். பின்சீட்டில் இருப்பது நீங்கள். அது உங்கள் கை.