எண் நாற்பத்தொன்று

அவதபிகாரி பாண்டேஜியை இந்தி உலகமே கும்பிட்டது. நான் மட்டும் நம்பவில்லை. அலகாபாத்தில் முப்பது வருடமாக மாதப் பத்திரிகை நடத்துகிறவர். அவருடைய நீலப் பென்சிலிடம் அடிவாங்கித் தேறியவர்கள்தான் இன்று பாட்னாவிலும் டெல்லியிலும் மாலை வாங்கிக்கொண்டு திரிகிறார்கள். நானும் அவரிடம் பதினோரு வருடம் உதவியாசிரியராகக் குப்பை கொட்டினேன்; என் கதை ஒன்றுகூட அச்சேறவில்லை.

வரும் கதைகளில் பெயர் இருக்கும் தாளைக் கிழித்துவிட்டு, எண் போட்டு அவர் மேசையில் வைப்பது என் வேலை. தேர்ந்தெடுத்து அச்சுக்குப் போகும்போதுதான் பெயர் கேட்பார்.

"பேரைப் பார்த்தா கண்ணு மங்கிடும்" என்பார்.

சுத்தப் பொய்! என் கையெழுத்தைத்தான் தினமும் பார்க்கிறாரே. இவன் எழுத்தாளனாகிவிட்டால் மெய்ப்புத் திருத்த ஆள் கிடைக்காது என்று வேண்டுமென்றே அமுக்குகிறார்.

அதனால் இந்தத் தடவை என் புதுக் கதையை என் மனைவி ஊர்மிளாவை நகலெடுக்கச் சொன்னேன். இதுவும் திரும்பினால் பேனாவையே தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"ஏங்க, புருஷன் வீட்டை விட்டு வந்தவ எதுக்குக் கடைசியில கங்கையில குதிக்கணும்? போக வேற இடமே இல்லியா அவளுக்கு?"

"உன்கிட்ட கருத்து கேட்டேனா? இருக்கறதை எழுது தாயே."

அவள் எடுத்த நகலைப் படித்துப் பார்க்காமலே அதற்கு நாற்பத்தொன்று என்று எண் போட்டேன். தேர்வாகிவிட்டது! ஆபீஸ் முழுக்கக் கச்சோரி வாங்கிக் கொடுக்கலாமா என்றிருந்தது.

நாலாம் நாள், அச்சுக்கோத்த மெய்ப்பு திருத்துவதற்கு என் மேசைக்கே வந்தது. படித்தேன். என் கதாநாயகி குதிக்கவில்லை. படித்துறையில் காலைக் கழுவிக்கொண்டு, கொய்யாக்காரியிடம் பேரம் பேசி இரண்டு பழம் வாங்கித் தின்கிறாள். பிறகு அக்கரைக்குப் போகப் படகுக்காரனைக் கூப்பிடுகிறாள்.

கிழவர் கைவைத்துவிட்டார்! நேரே அவர் அறைக்குள் பாய்ந்தேன்.

"பண்டிட்ஜி, என் கதையோட முடிவை மாத்த உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தது?"

"ஓ, உன்னுதா நிகம்?" வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கைப்பிரதியை என் பக்கம் தள்ளினார். "எங்க நீலம் இருக்கு, காட்டு பார்ப்போம். முதல் ஒன்பது பக்கம் சவம்ப்பா. கொய்யாக்காரி வந்தப்புறம்தான் கதைக்கு மூச்சே வந்துச்சு. அதுக்காகத்தான் எடுத்தேன்."

புரட்டினேன். பென்சில் கீறல் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பக்கம்வரை ஊர்மிளாவின் உருண்டை எழுத்து. பதினோரு வருடம் இந்த மனுஷனைச் சந்தேகப்பட்டேன். என் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதியவளைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லையே!

"சரி, அச்சுக்கு நேரமாச்சு. பேர் என்ன போடட்டும்?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் பெயரைத்தான் சொன்னேன்.

எழுதிக்கொண்டார். நிமிரவில்லை.

"அடுத்த தடவை முதல் ஒன்பது பக்கத்தையும் அவங்களையே எழுதச் சொல்லு, நிகம்."