ஜெபத்துக்கு முந்தின சோறு

"இந்தா, மறுபடியும் மேய ஆரம்பிச்சிட்டா" என்றாள் ஜெபராணி, அடுப்படி வாசலில் நின்றபடி. முகம் சுவரைப் பார்த்திருந்தாலும் பேச்சு தம்பி பெண்டாட்டி கிருபாவதிக்குத்தான்.

கிருபாவதி கிண்ணத்து இட்லியைக் கிள்ளி வாயில் போட்டுக் கூழாக மென்றுகொண்டிருந்தாள். பல வருசத்து வயிற்றுப்புண். மதுரை ஆஸ்பத்திரியில் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட வேண்டும். பட்டினியும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது அவள் புருசன் பொன்னுராஜும் பக்கத்தில்தான் நின்றார். கேட்டதையெல்லாம் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, போடி பஜாரில் இறங்கி ஏலக்காய்க் கடைக்குப் போய்விட்டார்.

"டாக்டரம்மா சொன்னாக, மதினி."

"ஜெபம் பண்ணாமத் தின்னச் சொன்னாகளா? இந்த வீட்டுல ஆம்பள ஜெபிக்குமுன்ன சட்டியில யாரும் கை வச்சதில்ல."

அதுதான் அந்த வீட்டுச் சட்டம். பொன்னுராஜ் கடையிலிருந்து வர வெயில் சாய்ந்துவிடும். அவர் வந்து ஜெபித்து, ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காரலாம். வாழ வந்த நாள் முதல் கிருபாவதி காய்ந்து கிடந்துவிட்டு ஆறின சோற்றை அள்ளிப் போட்டதும், அந்த வயிறு புண்ணாகிப் போனதும் அப்படித்தான்.

அன்றைக்கும் அவள் தட்டில் பழையபடி சோற்றைக் குவித்தாள் ஜெபராணி. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"ஏன், எஞ்சமையல் பிடிக்கலையாக்கும்?"

"போதும் மதினி. நெஞ்சை அடைக்குது."

"நாள் பூரா மேஞ்சா அடைக்கத்தான செய்யும்."

ரோசத்தில் இன்னும் ரெண்டு வாய் தின்றாள். நெஞ்சுக்குழியில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. வேர்த்துக் கொட்டியது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஓடி அத்தனையையும் வாந்தி எடுத்தாள்.

"கண்ணுல ஒத்திக்கிட வேண்டிய சோறு, சாக்கடைக்குப் போகுது" என்றாள் ஜெபராணி.

கிருபாவதி வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "தின்னாலும் குத்தம், தின்னாட்டியும் குத்தமா? எது குத்தமில்லன்னு நீங்களே சொல்லிருங்க."

அன்றைக்கு கிருபாவதி பொன்னுராஜிடமும் சொன்னாள். "அக்காகிட்ட அனுசரிச்சுப் போ" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீட்டில் யாரும் சொல்லித்தராததை வயிறு சொல்லித்தந்தது. போதும் என்கிற இடத்தில் சின்னதாக ஒரு விக்கல் வரும். வந்தால் அதோடு கையைக் கழுவிவிட வேண்டும். சுணங்காமல் ஏதாவது உள்ளே போகாவிட்டால் கை நடுங்கி, கண் இருட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாரம் ஊரிலிருந்து ஞானசிகாமணி வந்திருந்தார். கடைக்குச் சரக்கு போடுகிறவர். வீடெல்லாம் கறிக்குழம்பு வாசம். "விருந்தாளி முன்னால மேஞ்சு மானத்தை வாங்காத" என்று கிருபாவதியின் கிண்ணத்தைப் பரணில் தூக்கிப் போட்டாள் ஜெபராணி. காலையில் கோயில் ஆராதனைக்குப் போகுமுன் குடித்த கஞ்சியோடு நின்றாள் கிருபாவதி. பரிமாறும்போது கரண்டி தட்டில் தடதடவென்று அடித்தது.

பொன்னுராஜ் கண்ணை மூடித் தொண்டையைச் செருமினார். விருந்தாளி வந்தால் அவர் ஜெபம் நீளும். மலைக்கு மழை கேட்டு, ஏலக்காய்க்கு விலை கேட்டு, பர்மாவில் இருக்கிற ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்குச் சுகம் கேட்டுத்தான் சோற்றுக்கு வருவார்.

கிருபாவதி ஒரு குழம்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டி சோற்றைப் போட்டுக் குழைத்து, அவர் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்தாள்.

"ஏ கிருபா, எந்திரி" என்று பல்லைக் கடித்தாள் ஜெபராணி.

பொன்னுராஜ் கண்ணைத் திறந்தார். "என்ன இது?"

"ஜெபம் பண்ணாமத் தின்னக் கூடாதுன்னாகல்ல. பண்ணுறேன்." தலையில் சேலையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். ஞானசிகாமணி சட்டென்று தலை குனிந்தார். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் குனிந்தார்கள்.

"ஆண்டவரே, இந்த வீட்டுல கடைசியாத் தின்னு தின்னு என் வயிறு புண்ணாச்சு. அதையும் வெட்டி எடுத்தாச்சு. மிச்சம் கையளவு இருக்கு. அதுக்குப் பசிக்கிறப்பப் போடுவேன், போதும்னா நிறுத்துவேன். இனி யாரு வாயையும் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன். இந்தச் சோத்துக்கு ஸ்தோத்திரம். ஆமென்."

"ஆமென்" என்றார்கள் எல்லோரும், பழக்கதோசத்தில். அடுப்படி வாசலிலிருந்தும் ஒரு ஆமென் வந்தது. சொன்ன வாயை ஜெபராணி கையால் பொத்திக்கொண்டாள்.

ஞானசிகாமணி சோற்றில் கை வைத்துவிட்டார்.

"நான் இன்னும் ஜெபம் பண்ணலையே" என்றார் பொன்னுராஜ்.

"ஆமென்னு சொல்லிட்டீகல்ல. சாப்பிடுங்க" என்றாள் கிருபாவதி.

அவள் மெதுவாக மென்றாள். பாதிக் கிண்ணத்தில் விக்கல் வந்தது. கிண்ணத்தை அப்படியே ஜெபராணியிடம் நீட்டினாள்.

"இத மூடி வைங்க மதினி. இன்னுஞ்செத்த நேரத்துல வருவேன்."