உடன் வந்தவர் கையெழுத்து

1

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது டாக்டரின் அறையில். அப்பாவின் பெருங்குடலில் இருந்த கட்டி கல்லீரல்வரை பரவிவிட்டது என்று அவர் திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது, என் மண்டைக்குள் ஒரு பாவி முதல் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தாள். என்ன ஜென்மமோ.

கிடைத்தவை:

“அந்த அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன.” இருந்தன, அதற்கென்ன இப்போது?

“லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தெட்டு வருடம் உழைத்த அப்பா...” இது இரங்கல் குறிப்பு. மனிதர் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அடித்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். டாக்டர், “முழுசா குணமாக்கிடலாம்னு நான் சொல்லமாட்டேன். மருந்து ஏத்தினா கட்டுக்குள்ள வைக்கலாம். ஆனா தள்ளிப்போடக் கூடாது, திங்கட்கிழமையே ஆரம்பிக்கணும்” என்றார். சம்மதப் படிவத்தை நீட்டினார். பிறகு, “பிள்ளைங்க நாப்பது தாண்டினவங்களா? கட்டாயம் ஒரு தடவை உள்ள கேமரா விட்டுப் பாத்துடணும்” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு நாற்பத்து நான்கு. நான் மேஜையைப் பார்த்தேன்.

2

கதையில் வரும் மகளிடம் எனக்குப் பெரிய தகராறு. முதல் பிரதியில் அவள் மாத்திரைக்கு அட்டவணை போட்டாள், அப்பாவின் கால் பிடித்தாள், ஒரு தடவைகூடக் கத்தவில்லை. பத்தரை மாற்றுத் தங்கம். என் சொந்தத்தில் அப்படி எவளும் கிடையாது. நிஜத்தில் நான் மறுநாளே, தண்ணீர் குடிக்கவில்லை என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பிறகு குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, இன்னும் எத்தனை மாதம் என்று செல்போனில் தேடினேன்.

அவளை மனுஷியாக்க ஒரு ரகசியம் கொடுத்தேன்: அவளுக்கும் மூன்று மாதமாக மலத்தில் ரத்தம். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அடித்தல் திருத்தல் இல்லாமல் மளமளவென்று வந்தது. (நல்ல கற்பனை இப்படித்தான் தானாக வரும் என்று என்னையே தட்டிக்கொடுத்தேன்.)*

* எட்டு மாதம் முன்பு அப்பா தனக்கு ரத்தம் போவதாகச் சொன்னபோது, “மூலமா இருக்கும்ப்பா” என்று ஒரு களிம்பை வாங்கிக் கொடுத்தது யார் என்றால்— இந்த வாக்கியத்தை மூன்று முறை அழித்துவிட்டேன். நான்தான்.

3

தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் போட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போனது என் முட்டாள்தனம். திரும்பி வந்தால், அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறார்.

“இந்த மகளுக்கும் ரத்தம் வருதே.”

“கதைப்பா அது.”

“யாருகிட்ட கதை விடற கழுதை? நீ எழுதினது ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். இல்லாத ஒண்ணை என்னிக்காவது எழுதியிருக்கியா? உங்க அத்தை போட்ட கம்மலைக்கூட மாத்தாம எழுதி, அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவதானே நீ!”

எனக்குக் கற்பனை வறட்சி என்று விமர்சகர்கள் பல வருடமாக எழுதுகிறார்கள். கோபம் வந்திருக்கிறது. அதற்காகப் பயந்தது அன்றுதான்.

“எத்தனை நாளா?”

“மூணு மாசம்.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

“ஒரு கட்டடத்துல ரெண்டு லிஃப்ட் இருக்கு, ஒண்ணுல கயிறு தேஞ்சிருக்குன்னா, இன்னொண்ணையும் திறந்து பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல. நீ போய்ப் பாத்துட்டு வா. அப்புறம் இதுல போடறேன்.”

“உங்களுக்கென்ன பைத்தியமா? உங்களுது பரவிடுச்சுப்பா! திங்கட்கிழமை தவறிடுச்சுன்னா—”

“அப்ப சீக்கிரம் போ.”

கத்தினேன். கெஞ்சினேன். நான் முயலுக்கு மூன்று கால் என்றால் அவர் முயலே இல்லை என்பார். கடைசியில் உட்கார்ந்து அழுதேன்.

“பயமா இருக்குப்பா.”

“எனக்கு மட்டும் இல்லையா?” என்றார். அவரே போன் போட்டுச் சனிக்கிழமைக்கு எனக்கு நேரம் வாங்கினார்.

4

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. அப்பா கையெழுத்துப் போடுகிறார். இருவரும் ஆட்டோ பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டே வீடு திரும்புகிறோம். வாசகர் நம்பமாட்டார். நான் நம்பத் தயார்.

எனக்கும் இருக்கிறது, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்— அரை வாக்கியத்துக்கு மேல் கை ஓடவில்லை.

எனக்கு இருக்கிறது என்று கேட்டதும் அப்பா அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு, “இனி எனக்கெதுக்கு?” என்கிறார். இதை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆகவேதான் இது என்னை உலுக்குகிறது. இல்லாத ஒன்றை நான் எழுதியதில்லை என்று சொன்னவர் அவர்.

5

இன்று சனிக்கிழமை காலை. இதைப் பழைய பிரதியின் பின்பக்கத்தில், மருத்துவமனை நடைவழியில் உட்கார்ந்து எழுதுகிறேன். குடலைக் கழுவ ஒரு கண்றாவித் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து, கண்ணெல்லாம் பூச்சி பறக்கிறது.

மயக்க மருந்து கொடுப்பதால் தனியாக வரக் கூடாதாம். எனக்கு வேறு யார்? பதிவு மேஜையில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள், ஒட்டிய கன்னத்தோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

“ஐயா, நீங்கதானே பேஷண்ட்?”

“நான் திங்கட்கிழமைம்மா. இன்னிக்கு இவ.”

என் படிவத்தில் ‘உடன் வந்தவர்’ என்ற இடத்தில், படித்துக்கூடப் பார்க்காமல், தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அவருடைய படிவம் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது, மடித்தபடி.

நர்ஸ் கூப்பிடுகிறார். “ஒரு நிமிஷம்மா” என்கிறேன். “எழுதி முடிச்சிட்டு வர்றதுக்கு இது பரீட்சையா?” என்கிறார்.

இதுவரை எழுதிய எல்லாக் கதையிலும் முடிவின்போது நான் விழித்திருந்தேன். இதில் முடியாது. அடுத்த அரை மணி நேரம் எனக்கு நினைவு இருக்காது. டாக்டர் கதவைத் திறந்து வந்து முதலில் அப்பாவிடம்தான் சொல்வார். அந்த இடத்தில் நான் இருக்கமாட்டேன்.

நீங்கள் இருப்பீர்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். ஆறுதல் சொல்லாதீர்கள், கடித்துவிடுவார். லிஃப்டைப் பற்றி ஏதாவது கேளுங்கள், பேசிக்கொண்டிருப்பார். கதவு திறந்தால் அவர் எழுந்திருப்பார். தடுமாறுவார், முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்பதை எனக்கு அவரே சொல்லட்டும். உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, நான் கண் விழிப்பதற்குள், பையில் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.