அடுப்பருகே மூன்று நாள்

ஓடைத் தண்ணீரைச் சோதிக்கும் என் மேலதிகாரி பிரென்டிஸ் பேசிக்கொண்டிருந்தான். ஊர் மண்டபத்தில் ஓடைக் கமிட்டி விசாரணை. எதிரே ஆர்மான் திபோ, அறுபது மாட்டுப் பால் பண்ணைக்காரர். பனி உருகியபோது ஓடையில் ஏறிய நைட்ரேட் அவருடைய எருவிலிருந்து வந்தது என்பது குற்றச்சாட்டு. எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் குளிர்காலம் முழுக்க, ஏப்ரல் பிறக்கும்வரை வயலில் எரு கொட்டக் கூடாது. ஆர்மான் கொட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நான், எனக்குத் தெரியும்.

"தண்ணி பொய் சொல்லாது," என்றான் பிரென்டிஸ். நைட்ரேட்டில் இருக்கும் நைட்ரஜனில் லேசானது, கனமானது என இரண்டு உண்டு. எருவிலிருந்து வந்தால் கனமானது கூடுதல். வானத்திலிருந்து பனியோடு இறங்கினால் குறைவு. ஓடையில் நாங்கள் பிடித்த புட்டிகளில் கனமானதே மிகுதி என்று ஆய்வகம் சொல்லிவிட்டதாம்.

தண்ணீர் பொய் சொல்லாதுதான். அதைப் புட்டியில் அடைத்தவர்கள்?

நிரப்பியவன் நான். அன்றே வடிகட்டி உறையவைக்க வேண்டும். மறுநாளோ மார்ச் மாத ஊர்க்கூட்டம். ஊரே கூடிக் கை தூக்கி ஓட்டுப் போட்டு, பீன்ஸும் ஆப்பிள் பை பலகாரமும் தின்னும் நாள். வடிகட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, குளிரில் புட்டி வெடித்துவிடாமல் இருக்க விறகடுப்புப் பக்கத்தில் அடுக்கினான் பிரென்டிஸ். மூன்று நாள் கிடந்தன. அந்தச் சூட்டில் கிருமிகள் லேசானதை முதலில் தின்றுவிட்டுக் கனமானதை மிச்சம் வைக்கும்; பனித் தண்ணீரும் எருத் தண்ணீர்போலத் தெரியும். அவனுக்கும் அது தெரியும்.

ஆய்வக முடிவு வந்ததும் அந்த மூன்று நாளைப் பற்றி அவனிடம் கேட்டேன். வேலை வேண்டுமா, வேண்டாமா என்று திருப்பிக் கேட்டான் அந்தப் பாவி.

இப்போது ஆர்மான் குற்றவாளிபோல உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. எழுந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். புட்டி நிரப்பிய நாளும் வடிகட்டிய நாளும் எழுதியிருந்த குறிப்பேட்டை நீட்டினேன். பிரென்டிஸ் முகத்தில் ஈயாடவில்லை. கமிட்டித் தலைவி குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார்.

வெளியே ஆர்மான் தன் வண்டியருகே நின்றார். நன்றி சொல்வார் என்று நம்பிப் போன என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

"முடிவு எப்ப வந்துது, லைல்?"

"ஏப்ரல் கடைசில."

"இது ஜூன்." குரல் உயரவில்லை. "இந்த விவகாரம் முடியற வரைக்கும் பால் வேணாம்னு கம்பெனி லாரிய நிறுத்தி அஞ்சு வாரம் ஆச்சு. கறந்து கறந்து குழியில ஊத்தினேன். வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்த? போன செவ்வாக்கெழம ஏலத்துல கடைசி மாடும் போயிடுச்சு. இன்னைக்கு எந்திரிச்ச காலு அன்னைக்கு எங்கடா போச்சு?"

இருவர் வீட்டுக்கும் ஒரே பாதைதான். என்னை ஏறச் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.